பத்து பவுண்டுக்குக் கைமாறிய கம்பெனியின் கார்: எம்ஜி4, ஒரு வருடம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்: கார் நன்றாக இருக்கிறது. கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல எலக்ட்ரிக் கார் நான் தேடிய வரையில் கிடைக்கவில்லை. ஆனால் மூக்கில் ஒட்டியிருக்கும் அந்த எண்கோண முத்திரையைப் பார்த்து மயங்கி, ஆகா வெள்ளைக்காரனின் பழைய கார் கம்பெனி என்று வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள், இப்போது அது ஒரு சீனக் கம்பெனியின் முத்திரை, அது பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் குடியிருப்பது பர்மிங்காமின் தெற்கு ஓரம், நார்த்ஃபீல்ட் பக்கம். வீட்டிலிருந்து பிரிஸ்டல் சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் லாங்பிரிட்ஜ். கார் பைத்தியங்களுக்கு இந்த ஊர் பெயர் தெரிந்திருக்கும். 1905-இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் ஆரம்பித்த ஆலை, ஒரு காலத்தில் ஊரே அதன் சைரனுக்குத்தான் எழுந்து படுத்தது என்பார்கள். நான் இங்கே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு கல்லூரி, பெரிய சூப்பர்மார்க்கெட், வரிசையாகப் புது வீடுகள், ஆஸ்டின் பெயரில் ஒரு பூங்கா. வாராவாரம் நான் தக்காளி வாங்கப் போகிற இடத்தில்தான் கார் செய்தார்கள் என்பது எனக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

சரி, கார் எதற்கு மாற்றினேன் என்றால், எங்களிடம் இருந்தது ஒரு பழைய டீசல். 2021 ஜூனிலிருந்து பர்மிங்காம் நகர மையத்துக்குள் புகை அதிகம் விடும் வண்டிகள் நுழைந்தால் ஒரு நாளைக்கு 8 பவுண்டு கட்ட வேண்டும். மனைவிக்கு வேலை நகர மையத்தில், இரவு ஷிஃப்டும் உண்டு. கொஞ்ச நாள் ரயில், கொஞ்ச நாள் 8 பவுண்டு, அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்து இருவரும் தலையில் கை வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எலக்ட்ரிக் என்று முடிவாகிவிட்டது, எது என்பதுதான் பாக்கி.

புதிது வாங்கும் வசதி இல்லை, அவசியமும் இல்லை. எலக்ட்ரிக் கார்கள் முதல் இரண்டு மூன்று வருடத்தில் விலை சரிவது பயங்கரம், அந்தச் சரிவை முதல் ஓனர் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 2023 நம்பர் பிளேட், 21 ஆயிரம் மைல் ஓடிய எம்ஜி4 எஸ்இ லாங் ரேஞ்ச், 13,750 பவுண்டு. இந்த மாடல் 2022 செப்டம்பரில் இங்கே வந்தபோது ஆரம்ப விலையே 25,995, அதுவும் சின்ன பேட்டரிக்கு. நான் வாங்கியது 64 கிலோவாட் அவர் பேட்டரி.

வாங்கிய இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். செகண்ட் ஹாண்ட் கார் விற்கும் ஒரு பெரிய யார்டு. சார்ஜிங் கேபிள் இரண்டும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், கையில் கொடுத்தது ஒன்று. இன்னொன்று "தபாலில் வரும்". மூன்று வாரம், ஏழு போன், இரண்டு மெயில். கடைசியில் வந்தது வேறு யாரோ உபயோகித்த கேபிள், பையில் முந்தைய ஓனரின் பார்க்கிங் ரசீது கூட இருந்தது. வேலை செய்கிறது, போகட்டும். நீங்கள் வாங்கும்போது டிக்கியைத் திறந்து கேபிளைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இனி கார்.

ஸ்டார்ட் பட்டனே கிடையாது. சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் வண்டி தயார், நடுவில் இருக்கும் வட்டத் திருகைத் திருப்பினால் கிளம்பிவிடும். இறங்கும்போது நிறுத்தவும் ஒன்றும் செய்ய வேண்டாம், பூட்டிவிட்டுப் போய்விடலாம். முதல் ஒரு வாரம் பாதி வழி நடந்துவிட்டு, ஆஃப் செய்தோமா என்று திரும்பி வந்து பார்த்தேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்படுகிற அதே வியாதி.

இந்த வண்டியின் உண்மையான சங்கதி பின்சக்கர ஓட்டம். மோட்டார் பின்னால், பேட்டரி தரையோடு தரையாகப் பலகை மாதிரி, அதன் தடிமன் 11 சென்டிமீட்டர்தான். எடை முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது. இந்த விலையில் வரும் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் ஓடும், ஏனென்றால் அப்படிச் செய்வது மலிவு. இதில் ஸ்டீயரிங்குக்கு இழுபடுகிற வேலை இல்லை, திருப்புகிற வேலை மட்டும்தான், அந்த வித்தியாசம் லிக்கி குன்றுகள் பக்கம் வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கைக்குத் தெரிகிறது. 203 குதிரைசக்தி, நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டு நொடிக்குள் எட்டிவிடும். எனக்கு இது தாராளம். எக்ஸ்பவர் என்று ஒரு பதிப்பு இருக்கிறது, இரண்டு மோட்டார், 435 குதிரைசக்தி, 3.8 நொடி. 2023-இல் 36,495 பவுண்டுக்கு அதை விற்க ஆரம்பித்தபோது அந்த வேகத்துக்கு அந்த விலையா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு 3.8 நொடி எதற்கு என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஓட்டம். கம்பெனி சொல்வது ஒரு சார்ஜில் 281 மைல். கோடையில் ஊருக்குள்ளும் வெளியிலுமாக எனக்குக் கிடைப்பது 240 வாக்கில், ஜனவரிக் குளிரில் மோட்டார்வேயில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போனால் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த எலக்ட்ரிக் காரும் குளிரில் இப்படித்தான் சுருங்கும், இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு மாரடிப்பவர்கள் ஏராளம். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். இரவு நேரச் சலுகைக் கட்டணம் யூனிட்டுக்கு 7 பென்ஸ் அளவில் கிடைக்கிறது, அதில் முழுப் பேட்டரியும் நாலரை பவுண்டுக்குள் நிரம்பிவிடும். அதே மின்சாரத்தை மோட்டார்வே ஓரத்தில் வேகச் சார்ஜரில் குடித்தால் யூனிட்டுக்கு 75, 80 பென்ஸ் கேட்கிறார்கள். அரசாங்கமும் சளைத்ததில்லை, வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம், வெளியே 20 சதவீதம். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவன் நாலு மடங்கு வரியும் பத்து மடங்கு விலையும் கொடுக்க வேண்டும், சொந்த வாசலில் நிறுத்துகிறவனுக்கு எல்லாம் மலிவு. இது காரின் குற்றமில்லை, ஆனாலும் வயிறு எரிகிறது. 2025 ஏப்ரலிலிருந்து எலக்ட்ரிக் காருக்கும் சாலை வரி வந்துவிட்டது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் வேல்ஸில் எலான் பள்ளத்தாக்குக்குப் போனோம். பர்மிங்காம் குழாயில் வருகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, 73 மைல், பம்ப் ஒன்றும் இல்லாமல் வெறும் சரிவிலேயே நடந்து வருகிறது, விக்டோரியா ராணி காலத்தில் தொடங்கிய வேலை. அணையைப் பார்த்ததைவிட அங்கே கூடாரம் போட்ட இடத்தில் நடந்ததுதான் எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு. இந்த வண்டியில் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கலாம், அதற்கான அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். ரைஸ் குக்கரை மாட்டினோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் பார்பிக்யூ கரியை ஊதி ஊதிக் கண் சிவந்து கிடக்க, நாங்கள் சூடாகச் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். பேட்டரியில் குறைந்தது ஒரு சதவீதமோ என்னவோ. திரும்பும் வழியில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் நாலு மெஷினில் மூன்று செத்துக் கிடந்தன, நாலாவதில் கார்டை மூன்று முறை தேய்த்த பிறகு இரண்டு முறை பணத்தைப் பிடித்தார்கள், ஒன்று திரும்பி வர பதினொரு நாள் ஆனது. யாருடைய நிலையம் என்று சொல்லவில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

குறைகள் என்றால், பெரும்பாலும் யாரோ காசை மிச்சம் பிடித்த இடங்கள். 2022-இல் வந்த இந்த வடிவத்தில் பின் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. மழைக்குப் பெயர்போன நாட்டில் விற்கும் காருக்குப் பின் வைப்பர் வேண்டாம் என்று எந்த மகானுபாவர் முடிவு செய்தாரோ! காற்றே துடைத்துவிடும் என்று ஒரு விளக்கம், காற்று துடைக்க வண்டி வேகமாக ஓட வேண்டுமே, டிராஃபிக்கில் நிற்கும்போது யார் துடைப்பது? டிக்கியில் பழைய துண்டு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். ஏசியை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் நடுத்திரைக்குள் போய்த்தான், திருகு வைத்திருந்தால் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்காது. வண்டி கோட்டை விட்டு விலகாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும் உதவி ஒன்று உண்டு, இந்தக் காரைப் பற்றி எழுதிய விமர்சகர்களில் பாதிப் பேர் திட்டித் தீர்த்தது அதைத்தான். புதிய கார்களில் இந்த மாதிரி உதவிகள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தானாகவே விழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, ஆகவே இது எம்ஜியின் தனிச்சொத்து இல்லை, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி மென்மையாக அதைச் செய்வதில்லை. டெஸ்ட் டிரைவ் போகும்போது ஒடுக்கமான கிராமத்துச் சாலை ஒன்றில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள்.

இடம் தாராளம். நீளம் நாலே கால் மீட்டர்தான், உள்ளே தரை சமமாக இருப்பதால் பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவர் காலை எங்கே வைப்பது என்று தவிக்க வேண்டாம். டிக்கி 363 லிட்டர், இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு மூட்டை பொன்னி அரிசி. உள்ளே தொட்டால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது, தோல் மாதிரி நடிக்கவில்லை. யூரோ என்கேப் மோதல் சோதனையில் 2022-இல் ஐந்து நட்சத்திரம். வாரண்டி ஏழு வருடம் அல்லது 80 ஆயிரம் மைல், அது ஓனருக்கு இல்லை, வண்டிக்கு. ஆக செகண்ட் ஹாண்டில் வாங்கின எனக்கும் இன்னும் நாலைந்து வருடம் மிச்சம். நான் இதை வாங்கினதற்கு முத்திரையைவிட இந்த ஒரு வரிதான் காரணம்.

அந்த நட்சத்திர விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எம்ஜி4 ஐந்து நட்சத்திரம் வாங்கினதால் எல்லா எம்ஜியும் அப்படி என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் விற்ற எம்ஜி5 என்ற பெட்ரோல் செடானுக்கு 2023-இல் அங்கே சோதித்தவர்கள் கொடுத்தது பூஜ்யம். ஒரே எண்கோணம்தான். பாதுகாப்புக் கருவிக்கு எந்த நாட்டில் எவ்வளவு செலவழிப்பது என்று கம்பெனி மாடலுக்கு மாடல் கணக்குப் பார்க்கிறது, நீங்களும் மாடலுக்கு மாடல்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த முத்திரை பட்ட பாடு.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், லாங்பிரிட்ஜில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், 2005 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய எம்ஜி ரோவர் கம்பெனி கவிழ்ந்தபோது வேலை போன சுமார் 6 ஆயிரம் பேரில் ஒருவர். நான் இந்தக் காரை வாசலில் கொண்டு வந்து நிறுத்தின அன்று அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. வேலி தாண்டி வந்தார், ஒன்றும் பேசவில்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் இழுத்தார். அப்புறம் மறுபக்கம் போய் அங்கேயும் அதே மாதிரி இழுத்தார். "இந்த மாதிரி ஒரே சீராக எங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை" என்றார். உள்ளே உட்கார்ந்து ஒரு சுற்று வரலாமா என்று கேட்டேன், இன்னொரு நாள் என்று போய்விட்டார்.

அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்தால் கதை இது. எம்ஜி என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய விற்பனை, பழுதுபார்க்கும் கடை. 1922-இல் அங்கே மேனேஜரான செசில் கிம்பர் என்பவர், முதலாளியின் சாதாரண மோரிஸ் கார்களின் அடிச்சட்டத்தை எடுத்து, தாழ்த்தி, மேலே அழகான உடம்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தார். 1929-இல் வந்த மிட்ஜெட் மோரிஸ் மைனரின் அடிச்சட்டத்தில் உட்கார்ந்ததுதான். பந்தயக் கார் வாங்கக் காசில்லாதவனுக்குப் பந்தயக் கார் மாதிரி ஒன்று. அதாவது பிறக்கும்போதே இது முத்திரை வியாபாரம்தான், ஆனால் கொடுத்த காசுக்கு மேல் சந்தோஷம் தருகிற முத்திரை. 1929-லிருந்து ஆலை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டனில். எம்ஜிபி என்ற மாடல் மட்டும் 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

கெடுத்தது யார்? சீனாக்காரன் இல்லை. 1979 செப்டம்பரில் அபிங்டனில் ஆலையின் ஐம்பதாம் ஆண்டு விழா கொண்டாடினார்கள், உள்ளூர் மதுபான ஆலை அதற்காகவே ஒரு பீர் காய்ச்சியது, ஆலைக்குள் ஓடிக்கொண்டிருந்த புள்ளிபுள்ளியாகப் பெயிண்ட் தெறித்த ஒரு பழைய வண்டியின் பெயர் அதற்கு. விழாப் பந்தலைப் பிரிப்பதற்குள் ஆலையை மூடப் போகிறோம் என்று அப்போதைய முதலாளியான அரசுக் கார் கம்பெனி பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. பீர் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, ஓல்ட் ஸ்பெக்கிள்ட் ஹென், ஆலை 1980-இல் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து ஆஸ்டின் மெட்ரோ என்ற சின்ன காரின் மேல் எம்ஜி முத்திரையை ஒட்டி விற்றார்கள். அதைச் செய்தது பிரிட்டிஷ்காரர்கள், பிரிட்டனில், அரசாங்கப் பணத்தில். அப்புறம் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994-இல் பிஎம்டபிள்யூ, 2000-இல் அவர்களும் கை கழுவிவிட்டு ஃபீனிக்ஸ் என்ற நாலு பேர் கூட்டத்துக்கு விற்றார்கள். விலை பத்து பவுண்டு. ஆம், இங்கே இருக்கும் நம் ஊர்க் கடையில் ஒரு மட்டன் பிரியாணி இப்போது அதற்கு மேல். அந்த ஐந்து வருடத்தில் மேலே இருந்தவர்கள் சம்பளம், ஓய்வூதியம் என்று எடுத்துக்கொண்டது 42 மில்லியன் பவுண்டு என்று 2009-இல் வந்த அரசு விசாரணை அறிக்கை சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை, அந்த நாலு பேர் பெயரை எடுத்தால் மட்டும் முகம் மாறும்.

மிச்சத்தை 2005 ஜூலையில் நான்ஜிங் ஆட்டோமொபைல் 53 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, ஆலை இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலேற்றியது. அதற்கு முன்பே ஷாங்காயின் சைக் என்ற கார் கம்பெனி, ரோவர் 25, 75 மாடல்களின் வடிவுரிமையை வாங்கி வைத்திருந்தது. 2007 கடைசியில் நான்ஜிங்கே சைக்குக்குள் கரைந்தது. ரோவர் என்ற பெயர் மட்டும் சைக்குக்குக் கிடைக்கவில்லை, அது ஃபோர்டிடம் போய், 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரோடு சேர்ந்து டாடாவிடம் வந்துவிட்டது. ஆகவே சீனாவில் ரோவர் என்று சொல்ல முடியாமல் ரோவே என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். லாங்பிரிட்ஜில் 2011-லிருந்து எம்ஜி6 என்ற காரைச் சீனாவிலிருந்து வந்த பாகங்களை வைத்துப் பூட்டினார்கள், 2016-இல் அதுவும் நின்றது. இன்றைக்கு இங்கே விற்கும் எம்ஜி கப்பலில் வருகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சைக் கார்களுக்கு வழக்கமான பத்து சதவீத வரிக்கு மேல் இன்னும் 35.3 சதவீதம் போட்டது, பிரிட்டன் போடவில்லை. வருடத்துக்கு 80 ஆயிரத்துக்கு மேல் எம்ஜி இங்கே விற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அப்பா மதுரையிலிருந்து இரண்டு மாதம் வந்திருந்தார். காரில் ஏறி உட்கார்ந்ததும் முத்திரைக்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏம்ப்பா, மோரிஸ்னா நம்ம அம்பாசிடர் மோரிஸா?" என்றார்.

"ஆமாப்பா, அதேதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத்தான் நம்ம ஊர்ல அம்பாசிடர்னு செஞ்சாங்க."

"அப்ப இது அதுக்குப் பங்காளி முறை வேணும்ல?"

முறை சரிதான். 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை அந்த ஒரே உடம்பை வைத்துக் கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். அப்பாவின் ஆபீஸ் வண்டி அதுதான், டிரைவர் அண்ணன் பானட்டைத் திறந்து ஸ்பானரால் தட்டி ஸ்டார்ட் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். அம்பாசிடர் என்ற பெயர் 2017-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் போனது, பூஷோ வாங்கியது. மோரிஸ், ஆஸ்டின் என்ற பெயர்கள் சைக்கின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. எண்பதுகளில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று வந்ததே, அது ரோவர் எஸ்டி1 கார் என்று அப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை, போனில் படம் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். இந்தக் குடும்பத்தில் சொத்துப் பிரித்த கதையை எழுதினால் பத்திர ஆபீஸ் தாங்காது.

அப்பா அடுத்துக் கேட்டது ஊரில் இது கிடைக்குமா என்று. எம்ஜி4 இல்லை. ஊரில் எம்ஜி என்றால் குஜராத் ஹலோலில், ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையில் செய்வது, இப்போது ஜிண்டால்களின் ஜேஎஸ்டபிள்யூ அதில் கூட்டாளி. ஹெக்டர் என்பது சீனாவில் பாவ்ஜுன் 530, வின்ட்சர் என்பது வூலிங் கிளவுட். பெயர் மட்டும் வின்ட்சர் அரண்மனை! குறை சொல்லவில்லை, வின்ட்சர் உள்ளே இருக்கும் இடத்தைப் பார்த்தால் எங்கள் பெரியம்மா மாதிரி முட்டி வலிக்காரர்களுக்கு அது வரம். ஆனால் நான் மேலே எழுதிய பின்சக்கர ஓட்டம், ஸ்டீயரிங் சமாச்சாரம் எல்லாம் அதில் தேடாதீர்கள், அது வேறு சாதிக் கார். இன்னொன்று, 2025-இல் சீனாவில் வந்த புது எம்ஜி4 முன்சக்கர ஓட்டத்துக்குப் போய்விட்டது. மலிவாகியிருக்கிறது, சரி. நான் எதற்காக இந்தக் காரைப் புகழ்ந்து பத்தி பத்தியாக எழுதினேனோ அதைக் கழற்றிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் எந்த வருட வண்டி, எந்தச் சக்கரம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கம்பெனிக்குத் தன் பாரம்பரியத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்து சைபர்ஸ்டர் என்று ஒன்று செய்திருக்கிறார்கள், இரண்டு சீட், மடங்கும் கூரை, கத்தரிக்கோல் மாதிரி மேலே எழும்பும் கதவு, 2024-இல் இங்கே வந்தபோது 54,995 பவுண்டிலிருந்து ஆரம்பம். ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அழகு, சந்தேகமே இல்லை, லண்டன் ஸ்டூடியோவில் வரைந்ததாம். ஆனால் எடை கிட்டத்தட்ட இரண்டு டன், பழைய எம்ஜிபி ஒரு டன் கூட வராது. கதவு தானாக எழுந்து முடிப்பதற்குள் மழைத்துளி நாலு உள்ளே விழுந்துவிடும். பழைய படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு அதைக் காட்டுகிறார்கள், எனக்கென்னவோ கிம்பர் இப்போது உயிரோடு இருந்தால் என் வாசலில் நிற்கிற இந்த வைப்பர் இல்லாத வண்டியைத்தான் தன் பிள்ளை என்பார். சாதாரணச் சாமான், சாதாரண விலை, ஓட்டும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல்.

சர்வீஸ் பற்றிக் கேட்பீர்கள். ஒரு முறைதான் போனேன், வருடாந்தர சர்வீஸ். எலக்ட்ரிக் காருக்குப் பார்க்க அதிகம் ஒன்றுமில்லை, பிரேக், டயர், கேபின் ஃபில்டர். அந்த ஒர்க்‌ஷாப்பில் காலை எட்டுக்கு விட்ட வண்டியை மாலை ஐந்துக்குத் தந்தார்கள், நடுவில் போன் எடுக்க ஆள் இல்லை, ஒரு மணி நேர வேலைக்கு. இன்ஷூரன்ஸ் டீசலுக்குக் கட்டியதைவிட அதிகம், எலக்ட்ரிக் காருக்கு இங்கே பொதுவாகவே அப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்தும், மனைவியின் தினப்படி 8 பவுண்டும் டீசல் செலவும் நின்றதில் எங்களுக்கு மாதம் நூற்றைம்பது பவுண்டுக்குக் குறையாமல் மிச்சமாகிறது.

பத்துக்கு எட்டு கொடுக்கிறேன். ஒன்று வைப்பருக்காகக் குறைத்தேன், இன்னொன்று திரைக்குள் ஒளித்து வைத்த ஏசிக்காக.

பெரியவர் போன மாதம்தான் கடைசியில் ஏறி உட்கார்ந்தார். பிரிஸ்டல் சாலையில் லாங்பிரிட்ஜ் வரை போனோம். சூப்பர்மார்க்கெட்டுக்கு முன்னால் சிக்னலில் நின்றபோது, அங்கே வாசல் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலில் நான் ரிவர்ஸ் எடுக்க, அவர் பின்னால் திரும்பி வெள்ளையாக மூடிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மெட்ரோவில் கூட நாங்கள் வைப்பர் வைத்தோம்" என்றார்.